பெரியவர் வைத்த பூஜ்யம்

எங்கள் பிரிவுத் தலைவரை அலுவலகத்தில் எல்லோரும் ஜோசியர் என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராக இல்லை; அந்த அளவுக்கு எங்களுக்குத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. வரப்போகிற வருஷங்களில் எந்த ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர் வேலை. அவர் கணித்ததில் ஒன்றுகூடப் பலித்ததில்லை. ஆனால் ஏன் பலிக்கவில்லை என்று விளக்கி அவர் எழுதும் அறிக்கைகள் அத்தனை அழகாக இருக்கும். அதற்காகவே அவருக்கு இரண்டு முறை பதவி உயர்வு கொடுத்தார்கள்.

புது ரயில்கள் அவர் கணிப்பை நம்பி வாங்கியவை. அவர் உட்கார்ந்து கணித்த காலத்தில் காலை ரயிலில் ஆட்கள் கதவில் தொங்கிக்கொண்டு போனார்கள். அலுவலகம் போகிறவர்கள் கூட்டம் இன்னும் இரண்டு மடங்காகும் என்று ஒரே போடாகப் போட்டார். அதனால் உட்கார இடம் கொஞ்சம், நிற்க இடம் நிறைய என்று ரயிலை வடிவமைத்தார்கள். நிற்கிறவர்கள் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளக் கம்பிக்குக் கம்பி வசதி வேறு. ரயில்களைச் செய்து முடித்து, கப்பலில் ஏற்றி, இறக்கி, வண்ணம் சரியில்லை என்று திரும்ப அடித்து, தண்டவாளத்தில் விடுவதற்குள் அலுவலகம் போகிறவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். ஜோசியரே வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் கூட்டம் நடத்துவார். திரையில் மேலே சட்டை தெரியும். கீழே என்ன என்று நாங்கள் கேட்டதில்லை.

இப்போது ரயிலில் வருகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் வரும் நேரமும் வேறு. வெயில் ஏறிய பிறகு வருகிறார்கள். மருத்துவமனையில் துணி வெளுப்பவர்கள், கடைவளாகங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், கிடங்கில் பெட்டி கட்டுகிறவர்கள். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் விரலால் தட்டிக் கேட்பதையெல்லாம் கட்டி அனுப்புவது இவர்கள்தான். எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. ரயிலில் அவர்களுக்கு வேண்டியது சார்ஜ் இல்லை, உட்கார ஓர் இடம்.

என் தங்கை அவர்களில் ஒருத்தி. பெரிய மருத்துவமனையின் சலவைப் பகுதியில் பிற்பகல் ஷிப்ட். வந்து குவிகிற படுக்கை விரிப்புகளை இஸ்திரி எந்திரத்தில் ஒரு முனையில் கொடுத்து மறுமுனையில் வாங்கி மடிக்க வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சமைத்து வைத்துவிட்டு, நண்பகல் ரயிலைப் பிடிப்பாள். அந்த ஒரு ரயில்தான் அவளைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பஸ் இருக்கிறது, ஊரையெல்லாம் சுற்றிவிட்டு அது போய்ச் சேரும்போது எந்திரம் ஓடத் தொடங்கியிருக்கும். எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு வருகிறவள் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று அவர்கள் சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரை அனுப்பியும் இருக்கிறார்.

நான் இருப்பது பயணிகளை எண்ணும் பிரிவில். முன்பு நாங்கள் நிலையங்களில் நின்று, ஏறுகிற தலைகளைக் கண்ணால் பார்த்து, கையில் இருக்கும் சின்னக் கருவியை டக் டக்கென்று அழுத்தி எண்ணுவோம். புது ரயிலுக்கு நாங்கள் வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. பெட்டி எவ்வளவு கனக்கிறது என்று பார்த்து, அதை ஓர் ஆளின் எடையால் வகுத்து, இத்தனை பேர் என்று எங்கள் திரைக்கு அனுப்பிவிடும். நாங்கள் அறைக்குள் குளிரில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாவதாக வந்த புது ரயிலை எங்கள் பாதையில், நண்பகல் வேளையில் விட்டார்கள். காலையில் விட்டு ஏதாவது ஏடாகூடமானால் பெயர் கெட்டுவிடும், நண்பகலில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பு. மாதம் திரும்புவதற்குள் ஜோசியர் கூட்டம் போட்டார்.

"பாருங்க, ஒரு பெட்டியில நாலு பேர். இன்னொண்ணுல ரெண்டு. அடுத்ததுல ஆளே இல்ல. இதுக்கா இவ்வளவு பெரிய ரயிலை ஓட்டுறோம்?" என்றார். "நண்பகல் சர்வீஸை நிறுத்திட்டு வண்டியைக் காலைக்கு மாத்திடலாம்."

"சார், அந்த வண்டியிலதான் என் தங்கச்சி தினமும் போறா. உக்கார இடம் கிடைக்கிறதே கஷ்டம்னு சொல்றா" என்றேன்.

ஜோசியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், உங்க தங்கச்சி ஒரே ஒரு ஆள். இது மிஷின்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதில் பாதி என் தங்கை மேல்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். "உண்மையைச் சொல்லுடி. உன் ரயில்ல கூட்டம் இருக்கா, இல்லையா?"

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு திரும்பினாள். "ஏன், உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லைன்னு சொல்லுதா?"

"பெட்டிக்கு நாலு பேர்னு சொல்லுது. ரயிலை நிறுத்தப் போறாங்க."

அவள் முகத்திலிருந்த கேலி அப்படியே வடிந்துவிட்டது. சீப்பைக் கீழே வைத்தாள். "நிறுத்திட்டா நான் எப்படிப் போறது?" என்று கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை. "எத்தனை நாள் லேட்டா போக முடியும் அக்கா? ஒரு நாள்கூட முடியாது. இவ ஸ்கூல் பக்கத்துல வேற வேலை எங்க இருக்கு?"

மகள் ஒரு பக்கச் சடை பின்னியும் பின்னாமலுமாக எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். நாளை உன்கூட நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எண்ணுகிறவள் நேரில் போய் எண்ணுவதா என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மறுநாள் நண்பகல் நிலையத்துக்குப் போனேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. நடைமேடை முழுக்கப் பெண்கள், நடுநடுவே ஆண்கள், தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. ரயில் வந்து கதவு திறந்ததும் எல்லோரும் இருக்கைகளை நோக்கித்தான் பாய்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது. என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது. கையை வீசி என்னைக் கூப்பிட்டாள். இடம் இல்லாமல் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னோடு இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.

கைப்பேசியில் அலுவலகத் திரையைத் திறந்து எங்கள் பெட்டிக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்தேன். நான்கு.

எண்ணிப் பார்த்தேன். நான், கிடங்குச் சீருடையில் ஓர் ஆள், குடையோடு ஒரு பெண், காதில் பாட்டு மாட்டிக்கொண்ட ஒருவர். நின்றது நான்கு பேர். அடுத்த நிலையத்தில் இரண்டு பேர் ஏறி நின்றார்கள். திரை ஆறு என்றது. அந்த ஆறு பேருக்குப் பின்னால், இருக்கைகளில், ஒரு பெட்டி நிறைய மனிதர்கள் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கையிடம் குனிந்து சொன்னேன். "நிக்கிறவங்களை மட்டும்தான் எண்ணுதுடி."

"அப்போ உக்காந்தா மனுஷங்க இல்லையா?" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "அக்கா, நீங்க இந்த வண்டியில இல்லவே இல்லையாம்" என்றாள். அந்தப் பெண், "டிக்கெட் கேக்கும்போது மட்டும் இருக்கேனே" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டைக்குள் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. உட்கார்ந்தவர்களின் எடை எங்கே போனது?

விடை ஜோசியரின் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கண்டதைச் சொல்லி முடித்ததும் அவர் வழக்கம்போல, "மிஷின் எப்படி மேடம் ஆளைப் பார்த்து ஓரவஞ்சனை பண்ணும்?" என்று தொடங்கினார். அவர் பேசும்போது முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் என்பதால் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். அங்கே அந்தப் புகைப்படம். புது ரயிலை ஏற்றுக்கொண்ட விழா. வாரியத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்பவர், ரயிலுக்குள் நின்று எடைக்கருவியின் பொத்தானை விரலால் அழுத்துகிறார். ஜோசியர் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார். அவர்களுக்குப் பின்னால் இருக்கை இருக்கையாக மணல் மூட்டைகள், விழாவுக்கு அழைத்த விருந்தாளிகளைப்போல உட்கார்ந்திருக்கின்றன.

புது ரயில் எதுவானாலும் முதலில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். ஆட்கள் உட்கார்ந்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனம். இருக்கைக்கு மூன்று மூட்டை. அந்தக் கனத்தோடு பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூட்டைகளை இறக்கிவிட்டு, பெட்டியைக் காலியாக வைத்துத்தான் எடைக்கருவிக்கு, "இதுதான் பூஜ்யம், இதற்கு மேல் வருவதெல்லாம் பயணி" என்று பொத்தானை அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பெரியவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மூட்டையை இறக்கும்வரை அவர் நிற்பாரா? அழுத்தினார், கை குலுக்கினார், போய்விட்டார். மூட்டைகள் மறுநாள் இறங்கின. கருவி அந்த மூட்டைகளையே வெறும் ரயில் என்று நம்பிவிட்டது. அதற்குப் பிறகு யார் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தாலும், போன மூட்டை திரும்பி வந்திருக்கிறது என்றே அதற்குத் தோன்றும்.

நான் படத்தைக் காட்டினேன். ஜோசியர் திரும்பிப் பார்த்தார். அலுவலகம் வருகிற நாளெல்லாம் அதன் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ரொம்பச் சின்ன விஷயம் சார்" என்றேன். "ஒரு நாள் வண்டியைக் காலியா நிறுத்தி அந்தப் பொத்தானை மறுபடி அழுத்திட்டாப் போதும்."

அவர் போய்க் கதவைச் சாத்தினார். "மேடம், இந்தப் பூஜ்யத்தை யார் வச்சது?"

"பெரியவர்."

"பெரியவர் வச்ச பூஜ்யம் தப்புன்னு நாம ஒரு கடிதம் எழுதணும். அதுக்குக் கீழ யார் கையெழுத்துப் போடறது? நீங்க போடறீங்களா?"

கையிலிருந்த பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், கையைப் பிசைந்தார், ஜன்னல் ஓரம் போய் நின்றார். திரும்பும்போது முகத்தில் ஒளி வந்திருந்தது. அந்த ஒளியைப் பார்த்தாலே எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பயம்.

"பூஜ்யத்தை மாத்த முடியாது. வண்டியை மாத்தலாம் இல்ல? மூட்டையையெல்லாம் திரும்ப ஏத்திட்டா பூஜ்யம் சரியாயிடுமே!"

கணக்குப்படி அது முழுக்கச் சரி.

"எண்ணிக்கை சரியா வந்தா ரயிலை நிறுத்தமாட்டீங்களே?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்பர் வந்தா எதுக்கு நிறுத்தறேன்? உங்க தங்கச்சிகிட்ட தைரியமா சொல்லுங்க."

சொன்னேன். தொலைபேசியில் அவள் போட்ட சத்தம் பக்கத்து மேசைக்காரருக்கே கேட்டது. என் அக்கா ரயிலை நிறுத்துவதையே நிறுத்திவிட்டாள் என்று சலவைப் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டாளாம். மூட்டை விவரத்தை நான் சொல்லவில்லை. எங்கேயாவது மூலையில் அடுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். பணிமனைக்காரர்களுக்கு வந்த உத்தரவு, படத்தில் உள்ளபடி வைக்கவும் என்பது. அவர்கள் படத்தில் உள்ளபடியே வைத்தார்கள்.

மூட்டை ஏற்றிய முதல் நாள் நானும் தங்கையோடு ஏறினேன். கதவு திறந்ததும் வழக்கம்போல எல்லோரும் பாய்ந்தார்கள்; பாய்ந்த வேகத்தில் அப்படியே நின்றார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் மூன்று மூட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக, ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தன. 'அகற்றக் கூடாது' என்று ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"இதுங்களுக்கெல்லாம் பாஸ் இருக்கா?" என்று கேட்டார் கிடங்குச் சீருடைக்காரர்.

ரயில் கிளம்பியது. ஒரு பெட்டி ஜனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூட்டைகள் உட்கார்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு வந்தது. கைப்பேசியைப் பார்த்தேன். எண்ணிக்கை அச்சு பிசகாமல் சரியாக இருந்தது. என் உத்தியோகத்தில் இவ்வளவு துல்லியமான எண்ணை நான் பார்த்ததே இல்லை.

தங்கை எதிரில் நின்றாள். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். ஷிப்ட் முடிகிறவரை நிற்கப்போகிற கால். "இதுதான் நீ பண்ணின ஏற்பாடா?" என்றாள், மெதுவாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர், விமானம், பொத்தான், படம். சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள்.

"இதைத் தூக்கி வெளிய போட்டுட்டா?" என்றாள் குடைக்காரி.

"உக்காரலாம். ஆனா நீங்க யாரும் வண்டியில இல்லைன்னு காட்டும். ரயிலை நிறுத்திடுவாங்க."

தங்கை மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்புகளை எந்தப் பக்கம் மடித்தால் அலமாரிக்குள் அடங்கும் என்று பார்க்கிற பார்வை அது.

"சீட்டு மேலதான் இருக்கணுமா? இல்ல, பெட்டிக்குள்ள இருந்தாப் போதுமா?"

"பெட்டிக்குள்ள இருந்தாப் போதும்."

"அப்புறம் என்ன, பிடி" என்றாள்.

முதல் மூட்டையை நானும் அவளுமாக இறக்கி இருக்கைக்கு அடியில் தள்ளினோம். இரண்டாவது காலடியில் போனது. மூன்றாவதற்கு இடமில்லை, வழியில் போட்டால் நிற்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். தங்கை காலியான இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். நான் அதைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கனம் இருக்கும்.

"டிக்கெட் எடுக்காம இருக்க என் பொண்ணை மடியில வச்சுக் கூட்டிட்டு வருவேனே, அதே மாதிரிதான்" என்றாள்.

அவ்வளவுதான். பெட்டி முழுக்க மூட்டைகள் இறங்கின, நகர்ந்தன, மடி ஏறின. கிடங்குக்காரர் தூக்கிக் கொடுப்பதற்கென்றே பிறந்தவர்போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த நிலையம் வருவதற்குள் ஆளுக்கொரு மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாக்கள் மூட்டை மேல் ஏறின. திரையில் எண்ணிக்கை அசையவில்லை.

"நீ ஏன் நிக்கிற? அங்க ஒண்ணு இருக்கு பாரு" என்று தங்கை அதட்டினாள். நானும் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடை இரண்டும் மரத்துப்போயின. ஆனால் கால் தரையில் நிற்கவில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. மூட்டையில் முகத்தை வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. ஜோசியர்.

"மேடம், திரையைப் பாத்தீங்களா? பெட்டி பெட்டியா ஆளு! நிறுத்தற பேச்சுக்கே இடமில்ல." அவர் குரலில் அப்படி ஒரு குதூகலம். "இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? சீட்டு காலியா இருந்தப்ப நாலு பேர் வந்தாங்க. சீட்டுல மூட்டை வச்சு அடைச்சதும் பத்து மடங்கு வந்துட்டாங்க. அப்போ ஜனங்க என்ன சொல்றாங்க? நிக்கத்தான் பிடிக்குதுங்கறாங்க. நான் அன்னிக்கே கணிச்சதுதான். அடுத்து வாங்கப்போற ரயில்கள்ல சீட்டே வேண்டாம்னு இப்பவே எழுத ஆரம்பிச்சுட்டேன்."

"சார், மூட்டையை வச்சது நாமதானே..." என்றேன்.

"நம்பர் அதான் சொல்லுது மேடம்" என்று வைத்துவிட்டார். எழுதும் வேகத்தில் இருந்தார். அறிக்கை அழகாகத்தான் இருக்கும்.

"யாரு?" என்றாள் தங்கை.

"எங்க ஜோசியர்."

"என்னவாம்?"

அவள் இரண்டு கைகளாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மோவாயை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்களில் அந்த ஒரே ஒரு பயம்.

"ரயிலை நிறுத்தலையாம்" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். அவள் இறங்க வேண்டிய நிலையம் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மீதியை நான் சொல்லவில்லை.